ஜூலை மாதத்து வெயில்

"ஹலோ... ஆமா, ரொவீனாதான்... சொல்லுங்க மிஸ்டர் டிரெலோர்... கேக்குது, கேக்குது... இருங்க, இங்க பொக்லைன் சத்தம்... நெவில், கொஞ்சம் நிறுத்து அதை. போய் டீ குடிச்சிட்டு வா... ஆங், இப்பச் சொல்லுங்க... ஓ, படிச்சிட்டீங்களா?... முழுசா?... இல்ல, ரெண்டாவது பக்கமும் படிச்சீங்களான்னு கேட்டேன்... சரி. அப்ப கோவமாத்தான் இருப்பீங்க."

கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு ரொவீனா ஹாக்கிங் தன் பிக்கப் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டிக்கு முன்னால், பார்லி கிரீக் ஊரின் பழைய பெட்ரோல் பங்க் இருந்த இடத்தில், ஒரு வீட்டையே இறக்கி மூடிவிடலாம் போல ஆழமான குழி. குழியின் ஓரத்தில் ரயில் கட்டைகள்மேல் இரண்டாம் நம்பர் தொட்டி வயிறு தெரியப் புரண்டு கிடந்தது. கண்ணாடியை ஏற்றியிருந்தும் பழைய பெட்ரோலின் வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது.

கெட்டுப்போன மண்ணைத் தோண்டி அகற்றுவது, நிலத்தடி நீரில் பெட்ரோல் எதுவரை போயிருக்கிறது என்று துளை போட்டுப் பார்ப்பது, பிறகு அதை இறைத்துச் சுத்தம் செய்வது. இருபத்தாறு வருடமாக இதுதான் அவள் தொழில். தென் ஆஸ்திரேலியாவில் எத்தனையோ பங்க்குகளைத் தோண்டியவள், சொந்த ஊர்ப் பங்க்கைத் தோண்ட வந்தது இப்போதுதான். வேலையைக் கொடுத்தவர் பங்க்கின் சொந்தக்காரர் மெர்வின் டிரெலோர். வயது எண்பத்துநான்கு. கடையை மூடிப் பல வருடமாகிவிட்டது. இடத்தை விற்க வேண்டும். மண் சுத்தம் என்று எழுத்தில் இல்லாமல் யாரும் வாங்க முன்வரவில்லை. அவர்தான் இப்போது மறுமுனையில், தெற்கே கடலோரத்து முதியோர் விடுதியில் இருந்து பேசிக்கொண்டிருந்தார்.

"... நான் ஒண்ணும் ஒளிச்சு வச்சுச் செய்யல. மொதல் நாளே சொன்னேனா இல்லையா? நான் கிளெம் பாஸ்கோ பொண்ணு, கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஹாக்கிங், வேற ஆள் வேணும்னா பாத்துக்குங்கன்னு சொன்னேன்... சொன்னேன்ல?... நீங்கதான் பழசெல்லாம் போச்சுன்னீங்க. நம்ம ஊர்ப் பொண்ணு, கொஞ்சம் பாத்துச் செய்வேன்னு நெனைச்சீங்க. பாத்துத்தான் செஞ்சிருக்கேன். ஒம்பது எடத்துல துளை போட்டுப் பாத்திருக்கேன்... கண்ணுன்னு கூப்பிடாதீங்க. கடிதத்துல என் பேர் போட்டிருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிடுங்க."

பக்கத்து இருக்கையில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் அறுபத்துமூன்று உறைகள், இன்னும் ஒட்டப்படாமல், முகவரி மட்டும் அவள் கையால் எழுதப்பட்டு. பெட்ரோல் எந்தெந்த வீட்டுக்கு அடியில் போயிருக்கிறதோ அந்தந்த வீட்டுக்கு ஒன்று. உங்கள் போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள், செடிக்கு ஊற்றாதீர்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டாதீர்கள் என்பது முதல் பக்கம். இது எங்கிருந்து வந்தது, எப்போதிலிருந்து வருகிறது என்பது இரண்டாம் பக்கம். நகல் ஒன்று போன வெள்ளிக்கிழமையே டிரெலோருக்குப் போயிருந்தது. அதன் கீழே ஒரு வரி: தகவலில் பிழை இருந்தால் வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் தெரிவிக்கவும், திருத்தப்படும். அவள் கம்பெனி எல்லாருக்கும் எழுதும் வரிதான் அது. யாருக்கும் அதை மாற்றியதில்லை, இவருக்கும் மாற்றவில்லை.

இன்று வியாழக்கிழமை. மணி பதினொன்று இருபது.

"சரி, ஒவ்வொண்ணா வருவோம். எது தப்பு?... தப்பா இருந்தாத் திருத்தறேன். பிடிக்கலைன்னா திருத்த மாட்டேன். ரெண்டும் வேற வேற... ம்... ம்... இல்ல, சமீபத்துல ஒழுகுச்சுன்னு எழுத முடியாது... ஏன்னா சமீபத்துல ஒழுகல... எனக்கு எப்படித் தெரியும்னா, அதுல ஈயம் இருக்கு... ஈயம். நாலாம் நம்பர் துளையில தண்ணி மேல ரெண்டு விரல் கனத்துக்கு பெட்ரோல் மெதக்குது. அதைத்தான் பரிசோதனைக்கு அனுப்பிச்சேன். ஈயம் போட்ட பெட்ரோலை இந்த நாட்டுல வித்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்ப சமீபத்துல எவன் வந்து ஊத்துனான்?... ஆமா... ஆமாமா, என் கணக்கையெல்லாம் அடிலெய்டுல இன்னொருத்தர் சரிபாத்துட்டார். எங்கப்பாவைத் தெரியாதவர். பார்லி கிரீக் எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது... சரி, அடுத்தது?"

அவள் மடிமேல் நகலைப் பிரித்து வைத்து, அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

"... துருவா?... இல்ல மிஸ்டர் டிரெலோர், துருன்னா வெளியில இருந்து உள்ள தின்னுட்டு வரும். இது உள்ள இருந்து வெளிய போயிருக்கு. ஓட்டையைச் சுத்தி அம்பது சென்ட் காசு அகலத்துக்குக் குழிஞ்சு, வழவழன்னு, பாலிஷ் போட்ட மாதிரி இருக்கு. நடுவுல கடுகு அளவு ஓட்டை... எங்கன்னு கேக்கறீங்களா? நேரா அளவுக் குழாய்க்குக் கீழ. நூல் பிடிச்சுப் பாத்தேன். ஒரு மயிரிழை நகரல... ஆமா. கம்புதான்... உங்க கம்புதான், வேற எந்தக் கம்பு?"

அளவு பார்க்கும் கம்பு என்பது அந்தக் காலத்துப் பங்க்குகளில் தினப்படிச் சடங்கு. இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு மரக்கம்பு, நுனியில் பித்தளைப் பூண், உடம்பெல்லாம் அளவுக்கோடு. காலையில் கடை திறந்ததும் தரையில் இருக்கும் மூடியைத் தூக்கி, குழாய் வழியாகக் கம்பைத் தொட்டிக்குள் விட வேண்டும். அடியில் போய் டங்கென்று இடிக்கும். வெளியே இழுத்து, ஈரம் எதுவரை என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மெதுவாக இறக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. கையை விட்டால் விழப்போகிறது, அவ்வளவுதான். பித்தளை நுனி தினமும் அதே இடத்தில் இடிக்கும். வேறு ஊர்களில் அந்த இடத்தில் ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். இங்கே வைக்கவில்லை.

பத்தொன்பது வருடம் அந்தப் பங்க்கில் வேலை பார்த்தவர் ரொவீனாவின் அப்பா கிளெம் பாஸ்கோ. ஒரு கட்டத்தில் அளவு குறைய ஆரம்பித்தது. விற்றதையும் மிச்சத்தையும் கூட்டினால் வாரத்துக்கு நாற்பது லிட்டருக்கு மேல் காணவில்லை. தொட்டியில்தான் ஏதோ கோளாறு, அடிலெய்டிலிருந்து ஆளை வரவழைத்து அழுத்தம் கொடுத்துச் சோதிக்கலாம் என்று கிளெம் சொன்னார். டிரெலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோட்டின் ஓரத்தில் காரணம் எழுதும் இடத்தில், வாரா வாரம், தன் அழகான கையெழுத்தில் 'கிளெம்' என்று எழுதினார்.

"... நோட்டா?... அந்த நோட்டுங்களை யார் எனக்குக் குடுத்தா?... நான் எங்க திருடினேன்? நீங்கதான அனுப்பிச்சீங்க. பழைய கணக்கு நோட்டு எதாவது இருந்தாத் தாங்கன்னு எல்லாரையும் கேக்கற மாதிரி உங்களையும் கேட்டேன். எல்லாரும் எலி தின்னுடுச்சும்பாங்க. நீங்க ஒருத்தர்தான் முப்பத்தோரு நோட்டை வருஷவாரியாச் சணல்ல கட்டி, மேல ஒரு சீட்டும் வச்சு அனுப்பிச்சீங்க. ஒரு நாள்கூட விட்டுப்போகாம எழுதியிருக்கேன், பாத்துக்கோன்னு... பாத்துக்கிட்டேன்... பின்ன, மேலாகப் பொரட்டிட்டு வச்சிடுவேன்னு நெனைச்சீங்களா? முப்பத்தோரு நோட்டையும் ஒரு வரி விடாமப் படிச்சேன்."

மறுமுனை எதையோ சொல்லிக்கொண்டே போனது. அவள் குறுக்கே பேசவில்லை. கண் மட்டும் குழிக்கு அப்பால் போனது. குழியிலிருந்து தொண்ணூறு மீட்டர் மேற்கே பௌல்ஸ் கிளப்பின் தகரக் கூரை. புல்தரையில் கனத்த பந்துகளை உருட்டி விளையாடும் இடம். பார்லி கிரீக்கில் ஒருவருடைய மானமும் மரியாதையும் அங்கேதான் ஏறும், அங்கேதான் இறங்கும். இந்தப் பக்கத்து நிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, பாறை முழுக்க வெடிப்பு. தொட்டியிலிருந்து சொட்டியது ஏழு மீட்டர் கீழே இறங்கி, தண்ணீர்மேல் மிதந்து, தண்ணீர் போகும் திசையிலேயே மேற்கே நகர்ந்திருக்கிறது. கிளெம் திருட்டுப் பழியோடு வேலையை இழந்த இரண்டாம் வருடம், கிளப்பின் போர் தண்ணீர் பாய்ந்த இடத்தில் எல்லாம் புல் வட்டவட்டமாகக் கருகிச் செத்தது. கிளெம்தான் வாளி நிறையப் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றிவிட்டான், திருடித்தான் வைத்திருப்பானே என்று ஊர் பேசியது. கிளப்பின் சுவரில் தங்க எழுத்தில் இருந்த பெயர்ப்பட்டியலில், எழுபத்தெட்டாம் வருடத்து வெற்றிவீரரான கிளெம்மின் பெயரைக் கத்தியால் சுரண்டி எடுத்தார்கள். அந்தக் காலியிடம் இன்னும் அப்படியே இருக்கிறது. ரொவீனா இந்த மாதம் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்கப் போனபோது பார்த்தாள்.

உறுப்பினர் இறந்தால் கிளப்காரர்கள் வெள்ளை உடுப்பில், கையில் ஆளுக்கொரு பந்தோடு, இரண்டு வரிசையாக நின்று சவப்பெட்டிக்கு வழிவிடுவார்கள். பதினோரு வருடத்துக்கு முன் கிளெம் பாஸ்கோவின் பெட்டி போன பாதையில் யாரும் நிற்கவில்லை.

"... முடிச்சிட்டீங்களா?... இப்ப நான் சொல்றேன், கேளுங்க. எண்பத்துநாலு, ஏப்ரல் பதிமூணு, வெள்ளிக்கிழமை. அன்னைக்கு எங்கப்பாவை அனுப்பிச்சீங்க. நோட்டுல அந்த வாரம் நாப்பத்தாறு லிட்டர் குறைச்சல், ஓரத்துல அப்பா பேர்... ஆமா, இருக்கு. அடுத்த வாரம் எவ்வளவு குறைச்சல்னு ஞாபகம் இருக்கா?... நான் சொல்லட்டா? நாப்பத்தாறு. அப்பா வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கார், இங்க அதே நாப்பத்தாறு லிட்டர் காணாமப்போகுது... இருங்க, இருங்க. ஓரத்துல பழக்கதோஷத்துல கிளெம்னு எழுதிட்டீங்க. அப்புறம் அடிச்சிட்டீங்க. அடிச்சது தெரியுது, அடியில இருக்கற பேரும் தெரியுது. அதுக்கு மேல என்ன எழுதியிருக்கீங்க தெரியுமா?"

அவள் நகலைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

"வெயில்னு எழுதியிருக்கீங்க. வெயில்ல ஆவியாப் போச்சாம்... ஏப்ரல்ல சரி. மே மாசத்துல வெயில். ஜூன்ல வெயில். ஜூலை மாசத்துல என்ன வெயில் மெர்வ் நம்ம ஊர்ல? பூனைக்கு வச்ச தண்ணி கிண்ணத்துல ஒறைஞ்சு கெடக்கும் காலையில. அந்த ஜூலை பூராவும் வெயில், வெயில், வெயில்னு நாலு வாரமும் எழுதியிருக்கீங்க... இல்ல. இல்ல, மறதி இல்ல அது. உங்களுக்கு ஒரே வாரத்துல தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் வாயைத் திறக்கல. திறந்தா டேங்கைத் தோண்டணும், கடையை மூடணும், எங்கப்பாகிட்ட வந்து நிக்கணும்."

அவரை முதல் முறையாகப் பேர் சொல்லி அழைத்திருக்கிறோம் என்பது அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. சின்ன வயதில் அந்தக் கடைக்குப் போகும்போதெல்லாம் மிஸ்டர் டிரெலோர்தான். ஐம்பது வயது தாண்டியும் அதுதான். மறுமுனைக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"... ஹலோ?... இருக்கீங்களா?... ம். இன்னொண்ணு. அப்பா போனதுக்கு அப்புறம் கம்பை நீங்க யார் கையிலயும் குடுக்கல. புதுசா வந்தவனையும் நம்பல. நீங்களே ஒரு நாளைக்கு மூணு தடவை விட்டுப் பாத்தீங்க, காலை, மதியம், சாயங்காலம். டேங்க் அடியில கசடு படியும். சும்மா விட்டிருந்தா அந்தக் கசடே ஓட்டையை அடைச்சிருக்கும். ஒவ்வொரு தடவையும் கம்பு போய் இடிச்சு அதைத் திறந்து விட்டுது. மூணு தடவை பாக்க ஆரம்பிச்ச மாசத்துல இருந்து குறைச்சல் எழுவது, எண்பதுன்னு ஏறுது. உங்க நோட்டுலயே இருக்கு. திருடனைப் பிடிக்கறதா ஊருக்குக் காட்டிக்கிட்டு நீங்க எட்டிப் பாக்கப் பாக்கத்தான் ஒழுகுச்சு... சிரிக்கல. நான் எங்க சிரிச்சேன்?"

உண்மையில் அவள் சிரித்துத்தான் இருந்தாள், சத்தமில்லாமல். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அதன்பின் மறுமுனையின் குரல் மாறியது. சத்தம் இறங்கி, வேகம் குறைந்து, கெஞ்சுகிற இடத்துக்கு வந்துவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். எதைக் கேட்பார் என்றும் தெரிந்திருந்தது. சனிக்கிழமை பௌல்ஸ் கிளப்பில் விழா. செத்த புல்தரை இருந்த இடத்தில் செயற்கைப் புல் விரித்து, அதற்கு டிரெலோர் புல்தரை என்று பெயர் வைக்கிறார்கள். அவர் விடுதியிலிருந்து காரில் வந்து ரிப்பன் வெட்டுவார். ஊரே வெள்ளை உடுப்பில் நிற்கும்.

"... சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... ம்... ம்... எல்லாத்தையும் ஒத்துக்கறீங்களா?... ஒரு வரியும் மாத்த வேணாமா?... சரி. ஆனா என்ன?... சனிக்கிழமை முடியட்டும்... ம்... எப்ப வரைக்கும் பொறுக்கணும்?... இன்னொரு தடவை சொல்லுங்க, சரியாக் கேக்கல."

நன்றாகவே கேட்டிருந்தது.

"திங்கக்கிழமை. திங்கக்கிழமை வரைக்கும்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"மெர்வ், அன்னைக்கு எங்கப்பா உன்கிட்ட என்ன கேட்டார்?... ஞாபகம் இல்லையா? எனக்கு இருக்கு. நான் அங்கதான் நின்னேன். அம்மா கறி வச்சுச் சுட்ட பேஸ்டியை மத்தியானச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கிட்டு சைக்கிள்ல வந்தேன். பேப்பர் சுத்தியிருந்தும் கை சுட்டுது. மூணாவது பம்ப் பக்கத்துல நின்னேன். ரெண்டு காரும் ஒரு டிராக்டரும் நின்னுது, எல்லாரும் கண்ணாடியை எறக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அடிலெய்டு ஆள் திங்கக்கிழமை வர்றான், டேங்கைப் பாத்துடுவான், திங்கக்கிழமை வரைக்கும் பொறுன்னு எங்கப்பா கேட்டார். கையில தொப்பியை வச்சுக்கிட்டுக் கேட்டார். நீ பொறுத்தியா?... பொறுத்தியா?... அந்த ஆளுக்கு நீயே போன் போட்டு வர வேணாம்னு சொன்ன... ஆமா, அதுவும் நோட்டுல இருக்கு, ட்ரங்க் கால் செலவுன்னு எழுதி வச்சிருக்க. நீதான் எதையும் விட்டுவைக்க மாட்டியே... சனிக்கிழமை நீ ரிப்பன் வெட்டற எடத்துக்கு நேர் கீழ ஏழு மீட்டர்ல உன் பெட்ரோல் மெதக்குது. அதைத் தெரிஞ்சுக்கிட்டு கை தட்டறவங்க தட்டட்டும்."

வெளியே நெவில் டீக்கோப்பையோடு குழியின் விளிம்பில் வந்து நின்று, தொடங்கலாமா என்று சைகையில் கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். மணி பதினொன்று நாற்பத்தெட்டு. உறை ஒட்ட அரை மணி. நடந்தே ஊர் முழுக்கப் போட்டுவிட்டு வர இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடம் விடுவதற்குள் முடிந்துவிடும்.

அப்போது மறுமுனை ஏதோ சொன்னது. கெஞ்சலாக இல்லை. சின்னதாக ஒரே ஒரு விஷயம்.

"... என்ன?... திரும்பச் சொல்லுங்க."

இந்த முறை அவளுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. அல்லது காது வாங்க மறுத்தது.

"... எங்கப்பா பத்தொம்பது வருஷம்... ஆமா, அவர்தான் கம்பு விட்டார்... தெரியும்... ஆமா, அறுபத்தஞ்சுல இருந்து... நீங்க கையில எடுத்ததுக்கு முன்னாடியே ஒழுக ஆரம்பிச்சிடுச்சு... ஆமா... ஆமா, அப்ப கம்பு அவர் கையிலதான் இருந்துது."

அவள் தொட்டியைப் பார்த்தாள். வழவழவென்று தேய்ந்த அந்தக் குழியை அவள் எத்தனை தடவை விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். அதில் டிரெலோரின் கை மட்டும்தான் தெரிந்தது. அப்படித்தான் தெரிய வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அப்பா காலையில் கம்பை எப்படி விடுவார் என்று நினைத்துப் பார்த்தாள். சீட்டியடித்துக்கொண்டே விடுவார். பிடியைத் தளர்த்திவிட்டு, டங்கென்று சத்தம் வந்ததும் அவளைப் பார்த்துக் கண்ணடிப்பார். சின்னவளாக இருந்தபோது அந்தச் சத்தத்துக்காகவே அவரோடு காலையில் போவாள். ஆயிரக்கணக்கான டங்குகள். முதல் துளி கீழே போனது அந்தக் கையால்தான்.

கடிதத்தில் இருந்த வரி: தொட்டியின் ஓட்டை, உரிமையாளர் தினமும் பலமுறை இறக்கிய அளவுக் கம்பால் ஏற்பட்டது. அதில் பொய் இல்லை. முழுசும் இல்லை.

"... இல்ல, பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்... இருங்க. யோசிக்கறேன்... யோசிக்க விடுங்க."

பன்னிரண்டு ஆக ஆறு நிமிஷம். இது மனசுக்குப் பிடிக்காத வரியல்ல, தகவல் பிழை. நேரத்துக்குள் சொல்லியிருக்கிறார். திருத்த வேண்டும். திருத்துவதென்றால் அறுபத்துமூன்றையும் திரும்ப அச்சடிக்க வேண்டும். அச்சு இயந்திரம் அடிலெய்டு அலுவலகத்தில், இப்போது கிளம்பினாலும் மூடுவதற்குள் போய்ச் சேர முடியாது. நாளைக்கு விடுமுறை. திங்கட்கிழமைதான் திறப்பார்கள். டிரெலோர் அதைக் கணக்குப்போட்டுத்தான் கடைசியில் வைத்திருந்தார். கம்பு விட்டுப் பார்த்தே பழகிய ஆள். எந்த இடத்தில் இடிக்கும் என்று தெரியும்.

"... மிஸ்டர் டிரெலோர், நீங்க சொல்றது சரி... ஆமா, சரின்னு சொல்றேன். அது தப்பு, என் தப்பு. திருத்தணும்... ம்... ஆமா, அச்சடிக்க முடியாது, திங்கக்கிழமைதான் ஆபீஸ் திறக்கும்... ஆமா, ஆமா. சந்தோஷமா இருக்கா?... இருங்க, வச்சிடாதீங்க. ஒரு நிமிஷம் அப்படியே இருங்க."

பின்சீட்டில் இருந்த பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்தாள். மண்ணில் துளை போடும்போது நோட்டில் எழுதுகிற பேனா, மழையில் அழியாதது. முதல் உறையிலிருந்து கடிதத்தை உருவி, இரண்டாம் பக்கத்தைத் தொடைமேல் வைத்துப் பிடித்து, 'உரிமையாளர்' என்று வரும் அந்த வரியை ஒரே கோட்டில் அடித்தாள். கைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஸ்டீயரிங்குக்கு மேலே நிறுத்திவைத்தாள்.

அப்போது தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊத ஆரம்பித்தது. வியாழக்கிழமை தோறும் பகல் பன்னிரண்டுக்குச் சரிபார்ப்பதற்காக ஊதும் சங்கு. ஊரில் யாரும் தலை திருப்புவதில்லை. ஏறி, நின்று, மெல்ல இறங்கியது. அது மறுமுனைக்கும் கேட்டிருக்கும். கடை இருந்த வரைக்கும் வியாழக்கிழமைகளில் அந்தச் சங்குக்குத்தான் அவர் மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தினார்.

"பன்னெண்டு ஆச்சு. இனிமே திருத்தம் கெடையாது... இப்ப நான் என்ன பண்றேன்னு கேக்கறீங்களா? கையால எழுதறேன்... ஆமா, அறுபத்துமூணையும். ஒவ்வொண்ணுலயும் ஒரு வரி, பக்கத்துல என் கையெழுத்து. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லா வீட்டுக்கும் போயிடும்... ஆமா, அப்பா பேரும்தான். போடறேன். ஏன் போடக் கூடாது? ஓட்டையில அவர் கையும் இருந்துது. திருட்டுல இல்ல. ரெண்டையும் ஊர் படிக்கட்டும்... படிக்கறேன், நீங்களே கேட்டுக்குங்க, தப்பு இருந்தாச் சொல்லுங்க."

அவள் எழுதிக்கொண்டே, எழுதும் வேகத்தில், சொல் சொல்லாக வாய்விட்டுப் படித்தாள்.

"இந்த ஓட்டையை, 1965 முதல் 1984 வரை கிளெம் பாஸ்கோவும், அதற்குப் பின் மெர்வின் டிரெலோரும், தினமும் இறக்கிய அளவுக் கம்பு தேய்த்தது. காணாமல்போன பெட்ரோலை யாரும் திருடவில்லை... ஒண்ணு ஆச்சு. இது பௌல்ஸ் கிளப் காரியதரிசிக்கு."

உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். அடுத்தது. அவள் அடுக்கியிருந்தது பெட்ரோல் போன வழியில்: எந்த வீட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்ததோ அந்த வீடு முதலில்.

"ரெண்டு. பேக்கரி... இந்த ஓட்டையை, 1965 முதல் 1984 வரை கிளெம் பாஸ்கோவும்..."

மறுமுனை துண்டிக்கவில்லை. மூன்றாவதற்கும் அதே வரியைப் படித்தாள், நான்காவதற்கும் படித்தாள். அப்பாவின் பெயரை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நின்று போனது. டிரெலோரின் பெயரை எழுதும்போது நிற்கவில்லை. விடுதியில் எங்கோ ஒரு தட்டு வைக்கும் சத்தம், யாரோ சாப்பிட அழைக்கும் சத்தம் கைபேசியில் மெலிதாகக் கேட்டது. அவர் போகவில்லை.

ஐந்து, தபால் நிலையம். ஆறு, ரயில்வே தெருவின் முனை வீடு.

"ஏழு. இது இரும்புக் கடை... கீத் டிரெலோருக்கு."

கைபேசியிலிருந்து ஏதோ வந்தது. அரை வாக்கியம்கூட இருக்காது. அவள் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தாள்.

"... ஆமா. உங்க பையன் கடைக்கு அடியிலயும் போயிருக்கு... தெரியும், சனிக்கிழமை அவர்தான் மைக் பிடிக்கறார்... இல்ல, தனியா வாயால சொல்லிட்டு விட முடியாது. எல்லாருக்கும் போறதுதான் அவருக்கும்... படிப்பார். பிள்ளை இதையெல்லாம் படிக்க வேண்டியிருக்கேன்னு உங்களுக்கு இருக்கும்... எனக்கு அப்ப பதினாலு வயசு, மிஸ்டர் டிரெலோர். பேஸ்டி சூடு ஆறவே இல்ல... இருங்க, இந்த வரியை முடிச்சிடறேன். மெர்வின் டிரெலோரும், தினமும்..."

தொடர்பு அறுந்தது.

கைபேசியின் திரை ஒருமுறை வெளிச்சமாகி அணைந்தது. ரொவீனா அதை எடுக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து வாய்விட்டே தொடர்ந்தாள். இறக்கிய அளவுக் கம்பு தேய்த்தது என்று முடித்து, தேதி போட்டு, ஒட்டி, எட்டாவது உறையைப் பிரித்தாள்.